உள்ளே போய் வந்தவருக்கு எந்தத் தொழில்? காரைக்குடிப் பக்கம் ஓர் ஒப்பீடு

போன புரட்டாசியில் ஒரு நாள் இரவு எட்டரை மணிக்குக் காரைக்குடி புதிய பேருந்து நிலையத்தில் ஒருவருக்காகக் காத்திருந்தேன். மதுரை பஸ்ஸிலிருந்து இறங்கினார். மூன்று வருடம் ஏழு மாதம் சிறைக்கு உள்ளே இருந்துவிட்டு வருகிறவர். கையில் ஒரு ஜவுளிக்கடைத் துணிப்பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, பாலித்தீன் உறையில் மடித்து வைத்த விடுதலைத் தாள். டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார். செல்போன் ரிப்பேர் வகுப்பில் இடம் பிடித்து வைத்திருக்கிறோம், கட்டணம் கட்டியாகிவிட்டது, திங்கட்கிழமை சேர்ந்துவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிண்ணே, இன்னைக்கு ராத்திரி எங்க படுக்கிறது?" என்றார்.

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அன்றைக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்தார். அதற்கடுத்த நாள்களில் கோயில் வாசலில். வகுப்புக்குப் போக பஸ் காசு, மத்தியானச் சோறு, மாற்றுத் துணி துவைக்க ஒரு இடம் என்று எதையும் நாங்கள் யோசித்திருக்கவில்லை. பதினோராவது நாள் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார். தப்பு முழுக்க எங்களுடையது. இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "இங்க சோறு போட்டுர்றாங்கண்ணே, மண்டபத்துலயே படுத்துக்கிடலாம்" என்றார். நாங்கள் கட்டிய வகுப்புக் கட்டணத்தைவிட அந்த இரண்டு வார்த்தை எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

நாங்கள் ஏழு பேர். கையிலிருக்கும் பணத்தில் வருடத்துக்கு இரண்டு பேரை, மிஞ்சினால் மூன்று பேரைத் தூக்கிவிட முடியும். சிறையிலிருந்து வந்தவர்கள், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, கொப்புடையம்மன் கோயில் என்று வாசல்களை நம்பி இருப்பவர்கள், பஸ் ஸ்டாண்டில் படுப்பவர்கள். இவர்களை எந்தத் தொழிலில் சேர்ப்பது என்று இந்த வருடம் உட்கார்ந்து யோசித்தோம். எங்களைப் போல யோசிக்கிறவர்கள் தேவகோட்டையிலும் திருப்பத்தூரிலும் பொன்னமராவதியிலும் இருக்கலாம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொழில்களைப் பார்க்குமுன் ஆளைப் பார்க்க வேண்டும். சிறையிலிருந்து வெளியே வருகிறவர் என்றதும் தண்டனை முடிந்து வருகிறவர் என்றுதான் நினைக்கிறோம். 2022ஆம் ஆண்டின் தேசியச் சிறைப் புள்ளிவிவரப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேருக்குத் தீர்ப்பே வரவில்லை. ஜாமீனில் வருகிறவருக்கு வழக்கு முடியவில்லை. வாய்தாவுக்குப் போக வேண்டும். கண்டிஷன் பெயில் என்றால் குறிப்பிட்ட நாள்வரை தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். காலை ஒன்பதரை மணிக்கு வருகைப் பதிவு எடுக்கும் எந்த வகுப்பும் இந்தக் கையெழுத்தோடு மோதும். அதனால் எங்கள் கேள்விகள் மாறின. முதல் கூலி எத்தனையாவது நாள் கைக்கு வரும்? படுக்க இடம் உண்டா? வாய்தாவுக்கு ஒரு நாள் போனால் வேலை போய்விடுமா? என்ன காகிதம் கேட்பார்கள்? எதையாவது காணோம் என்றால் முதலில் யாரைச் சந்தேகப்படுவார்கள்? கற்று முடித்தபின் எவ்வளவு சம்பாதிப்பார் என்ற கேள்வியை இவற்றுக்கெல்லாம் பின்னால் தள்ளினோம்.

இது வெறும் அனுபவத்தில் பிறந்த யோசனை மட்டுமல்ல. நியூயார்க்கில் சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு உடனே கூலி வேலை கொடுக்கும் ஓர் அமைப்பை ஆய்வாளர்கள் 977 பேரை வைத்து மூன்று வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். வேலை கிடைத்தவர்கள் மீண்டும் குற்ற வழக்கில் சிக்குவது குறைந்தது. அந்தப் பலன் வெளியே வந்த மூன்று மாதத்துக்குள் சேர்ந்தவர்களிடம்தான் அழுத்தமாகத் தெரிந்தது. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தத் தற்காலிக வேலை முடிந்தபிறகு நிலையான வேலை கிடைத்ததில் பெரிய வித்தியாசம் நீடிக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் 1988இல் ஒரு பாதிரியார் தொடங்கிய ஹோம்பாய் நிறுவனம் 18 மாதம் சம்பளம் கொடுத்தே பயிற்சி தருகிறது. ரொட்டிக் கடை, உணவகம் என்று அவர்களே நடத்துகிறார்கள். நம்மிடம் 18 மாதச் சம்பளத்துக்கு வழியில்லை. முதல் மூன்று மாதத்தைத் தாங்க வழி உண்டு.

ஆத்தங்குடி கல்

காரைக்குடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஆத்தங்குடியில், தரைக்குப் பாவும் சிமெண்டுப் பூக்கல் போடும் பட்டறைகளில் கூரைக் கொட்டகை, மணல் மேடு, தண்ணீர்த் தொட்டி, இதுதான் மூலதனம். நெருப்பு கிடையாது, பெரிய இயந்திரம் கிடையாது. இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடியை வைத்து, அதன்மேல் பூ வடிவ அச்சை வைப்பார்கள். சிமெண்டும் ஆக்சைடு நிறமும் குழைத்த கலவையைச் சிறு கரண்டியால் ஒவ்வொரு இதழுக்குள்ளும் ஊற்றுவார்கள். பிறகு அச்சை நேர் மேலே தூக்க வேண்டும். இம்மி சாய்ந்தாலும் சிவப்பு பச்சைக்குள் ஓடிவிடும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி, ஈரக் கலவையை அப்பி, கரணையால் வழித்துச் சமன் செய்வார்கள். காய்ந்தபின் நாள்கணக்கில் தொட்டித் தண்ணீரில் ஊறும். கண்ணாடியைப் பிரிக்கும்போதுதான் கல்லின் முகம் தெரியும். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது, பாலிஷ் போட்டு வந்ததல்ல.

நாங்கள் அழைத்துப்போன ஒருவருக்கு அப்போது குடியை நிறுத்தி இரண்டாவது வாரம். கை நடுங்கியது. முதல் நாள் அவர் போட்ட கல்லைப் பிரித்தபோது எட்டு இதழில் ஐந்து கலங்கியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டார். பட்டறை முதலாளி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உடைச்சிராதீங்கப்பா, தொட்டிக்குப் பக்கத்துல பாவிக்கிடலாம்" என்றார். அந்தக் கல் இன்றும் அங்கே கிடக்கிறது. அடுத்த ஐந்து வாரம் அவர் மணல் சலித்தார், தொட்டியில் கல் அடுக்கினார், கண்ணாடி துடைத்தார். ஆறாவது வாரம் அச்சை மறுபடி அவர் கையில் கொடுத்தார்கள்.

எங்கள் கேள்விகளுக்கு இந்தத் தொழில்தான் நன்றாகப் பதில் சொல்கிறது. கையாளாகச் சேர்ந்த வாரமே சனிக்கிழமை கூலி வருகிறது. ஆதார் இல்லாமலும் நாளைக்கு வேலைக்கு வரலாம். வாய்தாவுக்குப் போனால் அன்றைய கூலி மட்டும்தான் போகும். திருடுவதற்கு அங்கே மணலையும் சிமெண்டையும் தவிர ஒன்றுமில்லை என்பதால் சந்தேகக் கண்ணும் இல்லை. முதலாளி மனது வைத்தால் கொட்டகையிலேயே படுத்துக்கொள்ளலாம், ராக்காவலும் ஆயிற்று.

குறைகளும் உண்டு. நாள் முழுக்கச் சிமெண்டில் புழங்கினால் விரல் இடுக்கு வெடித்துப் புண்ணாகும். கையுறையும் தேங்காயெண்ணெயும் நாம்தான் வாங்கித் தர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் காய்வது மந்தம், கூலி நாள் குறையும். ஆத்தங்குடியை விட்டுப் போனால் கல் போடும் வித்தைக்கு வேறு ஊரில் கேட்பாரில்லை என்பது எல்லாவற்றிலும் பெரியது. ஆனால் கல் பாவுவதைச் சேர்த்துக் கற்றுக்கொண்டால் நிலைமை வேறு. செட்டிநாட்டுத் தரை வேண்டுமென்று சென்னையிலும் கேரளாவிலும் கேட்கிறார்கள். மட்டம் பார்த்துப் பாவி, அரிசித் தவிட்டாலும் எண்ணெயாலும் துடைத்துத் துடைத்துத் தரையை நிறம் ஏற்றத் தெரிந்தவருக்கு வேலை தேடி வரும். பட்டறையில் ஆறு மாதம், பிறகு பாவுகிறவரோடு ஆறு மாதம் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

சுண்ணாம்புப் பூச்சு

கொத்து வேலையில் இந்தப் பக்கத்துக்கே உரிய கிளை ஒன்று இருக்கிறது. பழைய வீடுகளின் சுவரைத் தொட்டால் வழவழவென்று குளிர்ச்சியாக இருக்குமே, அந்தப் பூச்சு. சுண்ணாம்பை ஊறப்போட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்து, கோட்டு மேல் கோட்டாகப் பூசி, கடைசிக் கோட்டுக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவது. கானாடுகாத்தானிலும் கொத்தமங்கலத்திலும் வீடுகள் தங்கும் விடுதிகளாகியிருப்பதால் இதற்குக் கிராக்கி உண்டு. தெரிந்த கைகளோ குறைவு. கற்றுத் தேர்ந்தால் இதுதான் நல்ல கூலி.

அப்படியிருந்தும் இதை இரண்டாவதாகத்தான் வைக்கிறேன். செட்டிநாட்டு வீடு ஒருவர் கையில் இல்லை. எட்டுப் புள்ளி, பத்துப் புள்ளி (புள்ளி என்றால் ஒரு குடும்பம்) என்று பங்காளிகள் பிரிந்து, சென்னையிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். ஒருவர் மறுத்தால் சாரம் கட்டிய வேலை பாதியில் நிற்கும். நம் ஆளுக்கு இரண்டு வாரம் கூலி நின்றால் மறுபடி பஸ் ஸ்டாண்டுதான். இன்னொரு சங்கடத்தைத் தயங்காமல் சொல்கிறேன். பித்தளைப் பூட்டும் தேக்குக் கதவும் விலைபோகும் ஊர் இது. பூட்டிக் கிடக்கும் வீட்டில் வேலை நடக்கும்போது ஒரு குமிழ் காணாமல் போனாலும் "அந்த ஆளு உள்ள போய் வந்தவனாமே" என்றுதான் பேச்சு தொடங்கும். அவர் எடுக்கவில்லை என்று நிரூபணமாகும் முன்பே ஊரை விட்டுப் போயிருப்பார். ஒரு வருடமாவது இந்த ஊரில் முகம் பழகிய பிறகு, மேஸ்திரி தன் பொறுப்பில் கூட்டிப்போனால் மட்டும் இதில் இறக்கலாம்.

கொத்து வேலையில் எந்தக் கிளையானாலும் ஒன்றைச் செய்துவிட வேண்டும். 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவரைக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துவிடுங்கள். விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்பு உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் என்று பலதும் அந்த ஒரு அட்டையில் இருக்கிறது. அரசாங்கம் தன்னைத் தொழிலாளி என்று எழுதிக் கொடுத்த அட்டையைப் பலர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுப்படி

அண்டா தேய்த்தவர் தானாகவே கண்டுபிடித்த வழி இது. கல்யாணச் சமையல் செட்டில் சேர்ந்தால் அன்றே சாப்பாடு, அன்றே படுக்கை. யாரும் காகிதம் கேட்பதில்லை. காய் நறுக்குவதில் தொடங்கி, சாதம் வடித்து, பிறகு குழம்புக் கரண்டியைப் பிடிக்கும் அளவுக்கு வர இரண்டு வருடமாவது ஆகும். முகூர்த்த மாதம் முழுக்க ஓயாத வேலை. ஆடியிலும் மார்கழியிலும் கையில் ஒன்றும் இராது. வேலை முடிந்த நள்ளிரவில் செட்டில் பாட்டில் திறப்பார்கள். குடியால் வழி தவறியவரை அங்கே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. குடிப் பழக்கம் இல்லாதவர் என்றால் தயங்காமல் அனுப்புவேன்.

பரோட்டாக் கடை அதைவிட நிலையானது. மதுரையில் பரோட்டா போடப் பள்ளி வைத்தே கற்றுக்கொடுக்கிறார்கள். வேலை மாலையில்தான் சூடுபிடிக்கும். காலைக் கையெழுத்துக்கு ஸ்டேஷன் போய்விட்டு நிதானமாக மாவு பிசைய வரலாம். கண்டிஷன் பெயிலில் இருப்பவருக்கு இப்படி நேரம் ஒத்துப்போகும் தொழில் வேறு எனக்குத் தெரியவில்லை.

பெண்களுக்கு என்று யோசித்தபோது முதலில் எல்லோரும் சொன்னது கொட்டான். பனையோலையில் பின்னும் கூடையான செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் 2019இல் கிடைத்தது. இரண்டும் நம் ஊர்ப் பெருமை. ஆனால் ஓலையை நனைத்து, சாயம் ஏற்றி, காயவைத்து, பாதி பின்னியதைப் பத்திரமாக வைக்க ஒரு வீடு வேண்டும். தறிக்கும் அப்படித்தான், பாவு பூட்டிய தறியைத் தூக்கிக்கொண்டு இடம் மாற முடியாது. வீடில்லாத பெண்ணுக்கு வீட்டிலிருந்தே செய்யும் தொழிலைக் கற்றுக்கொடுத்தால் அவள் எங்கே உட்கார்ந்து செய்வாள்? கூட்டத்தில் இதைக் கேட்டது எங்களில் வயதான ஆச்சி ஒருவர். அதற்குமேல் யாரும் கொட்டானைப் பற்றிப் பேசவில்லை.

பலகாரப் பட்டறைதான் பெண்களுக்குச் சரி என்று முடிவு செய்தோம். தேன்குழல், மாவுருண்டை, சீப்புச் சீடை, கைமுறுக்கு என்று பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து வேலை செய்யும் இடம். பகல் வேலை, நாலு பேர் துணை. கைமுறுக்குச் சுற்ற விரல் பழக மாதக்கணக்காகும். அதுவரை மாவு சலிப்பது, பொட்டலம் போடுவது என்று கூலி ஓடும். பிறகு தனியாகத் தொழில் தொடங்கினாலும், வியாபாரம் சின்ன அளவில் இருக்கும்வரை உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆகும் கட்டணம் சொற்பம்தான்.

சான்றிதழ் தரும் இடங்கள்

வங்கிகள் நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் மாவட்டத்துக்கு ஒன்று என்ற திட்டப்படி இயங்குகிறது. சிவகங்கை மாவட்டத்தில் ஐ.ஓ.பி. (இந்தியன் ஓவர்சீஸ் வங்கி) நடத்துகிறது. 1937இல் அந்த வங்கி தொடங்கியபோது சென்னை, ரங்கூனோடு காரைக்குடியிலும் ஒரே நாளில் கிளை திறந்தார்கள் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த செய்திதான். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை, தங்க இடமும் சாப்பாடும் உண்டு. பெரும்பாலும் 10 நாள் முதல் 45 நாள் வரையான வகுப்புகள். இருசக்கர வாகன மெக்கானிக், தையல், ஏ.சி. பழுது, ஆடு வளர்ப்பு என்று பல. முடித்தபின் இரண்டு வருடம் தொடர்பில் இருந்து வங்கிக் கடனுக்கும் வழிகாட்டுகிறார்கள். படுக்கை, சோறு இரண்டும் இருப்பதால் முதல் பார்வைக்கு இதுவே போதும் என்று தோன்றும். ஆனால் சேர ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு வேண்டும். பயிற்சி நாள்களில் கூலி இல்லை. 46ஆவது நாள் அவர் மறுபடி அதே பஸ் ஸ்டாண்டில் சான்றிதழோடு நிற்பார். கையில் மூன்று மாதக் கூலியும் ஒரு முகவரியும் சேர்ந்த பிறகு அனுப்பினால் இதே பயிற்சி தங்கம்.

ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையம் வேறு கதை. அங்கே ஒன்றிரண்டு வருடம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ தேறியிருக்க வேண்டும், ஆண்களுக்கு 40 வயது வரம்பு, பெண்களுக்கு வரம்பில்லை. 80 விழுக்காடு வருகை இல்லாமல் தேர்வு எழுத முடியாது. வீடும் ஆதரவும் இல்லாத முப்பத்தைந்து வயதுக்காரரால் இதில் தாக்குப்பிடிக்க முடியாது. ஆனால் அடிதடி வழக்கில் சிக்கிய இருபது வயதுப் பையனுக்கு, அம்மா வீட்டில் சோறு இருந்தால், வேறு எதையும் யோசிக்க வேண்டாம். வயர்மேனோ ஃபிட்டரோ படிக்க வையுங்கள். வழக்கு 18 வயதுக்குள் நடந்ததென்றால் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் அந்தப் பிள்ளைக்கு அதனால் பொதுவாக எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது. சேர்க்கையின்போது நாமும் உடன் போய் இதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

காகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. முகவரி இல்லாதவருக்கும் ஆதார் உண்டு. வார்டு கவுன்சிலர், தாசில்தார், அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் போன்றவர்கள் ஆதார் ஆணையத்தின் படிவத்தில் சான்று கொடுத்தால் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் வாரமே இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும். லட்சம் பேருக்கு ஒரு வீடற்றோர் தங்குமிடம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. 2011 கணக்கிலேயே காரைக்குடி லட்சத்தைத் தாண்டிவிட்டது, 2024இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. அந்த உரிமையைக் கேட்டு வாங்குவதும் தொழிற்பயிற்சியின் ஒரு பகுதிதான் என்று எனக்குப் படுகிறது.

உள்ளே கற்ற தொழிலை மறந்துவிடக் கூடாது. காளையார்கோவில் அருகே புரசடைஉடைப்பில் திறந்தவெளிச் சிறை இருக்கிறது. அங்கே விவசாயம் செய்து பழகியவர் வெளியே வரும்போது அவரிடம் நிலம் இல்லை, பழக்கம் இருக்கிறது. அவரைக் கொண்டுபோய்த் தையல் மெஷினில் உட்காரவைப்பது அநியாயம். தோட்டமோ ஆட்டுப் பண்ணையோ வைத்திருக்கும் ஒருவரிடம் சேர்க்கலாம். நன்னடத்தை அலுவலரிடமும் சிறை மீண்டோர் உதவிச் சங்கத்திலும் விசாரித்தால் அவர் உள்ளே என்ன செய்தார் என்பது தெரியும், உதவிக்கும் வழி இருக்கும்.

இவ்வளவும் பேசி நாங்கள் எடுத்த முடிவு இது. தனியாக இருக்கும், முப்பது தாண்டிய ஆணுக்கு முதல் மூன்று மாதம் கல் பட்டறை. ஜாமீன் கையெழுத்து இருப்பவருக்குப் பரோட்டாக் கடை. பெண்ணுக்குப் பலகாரப் பட்டறை, தங்குவதற்கு எங்கள் ஆச்சி வீட்டின் பின்கட்டில் ஒரு அறை. சின்னப் பையன்களுக்கு ஐ.டி.ஐ. வங்கிப் பயிற்சி நான்காவது மாதத்துக்குப் பிறகு, அவரே கேட்டால். வகுப்புக் கட்டணத்துக்கு என்று ஒதுக்கியிருந்த பணம் முழுவதையும் அறை வாடகைக்கும், முதல் வாரச் சாப்பாட்டுக்கும், பாய் தலையணைக்கும், பூட்டோடு ஒரு தகரப் பெட்டிக்கும் மாற்றினோம். பெட்டியைச் சேர்க்கச் சொன்னது அண்டா தேய்த்தவர். "உள்ளயும் வெளியயும் எனக்குன்னு பூட்டி வைக்க ஒண்ணும் இருந்ததில்லைண்ணே" என்றார்.

தை பிறந்ததும் ஒருவர் வருகிறார். ஆத்தங்குடியில் ஒரு பட்டறை முதலாளி எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். கொட்டகையின் மேற்கு மூலையைத் தட்டி வைத்து மறைத்திருக்கிறோம், லைட் இழுக்க வயர்மேனுக்குச் சொல்லியிருக்கிறது.